மூன்றாம் போத்தல்

மழை விட்டு முக்கால் மணி.
கந்தப்பளைக்கு மேலே, எங்கள் சங்கத் தாங்கியின்
மூடியைத் தூக்குகிறேன்.
நூற்றுப் பதினொரு வீடுகள் இந்தத் தண்ணீரில்
அரிசி களைகின்றன.
வீட்டுக்கு மாதம் முந்நூறு ரூபாய், அதில் என் கூலி.
வடிமணலின் மேல் விரற்கடைத் தடிப்பில் சேறு.
யாருடைய தோட்டம் என்று
கிள்ளிப் பார்த்தே சொல்வேன்.

கோழி இறகு ஒட்டியிருந்தால்
அல்போன்சின் லீக்ஸ் பாத்தி.
செங்கல் நிறமென்றால்
விபுலசேன புதிதாய் வெட்டிய கிழங்குத் துண்டு.

தவமலரின் கான் மட்டும் பிந்தி வரும்.
மற்றக் கான்கள் இடி ஓயுமுன் பாய்ந்துவிடும்;
அவளுடையது யோசித்து யோசித்து
அரை மணிக்குப் பிறகு
சாயம் குறைந்த பிளேன்டீ போல இறங்கும்.
விளிம்பெல்லாம் மானாப்புல் வைத்திருக்கிறாள்.
போஞ்சிக் கொடியை எரிக்காமல் பரப்பிவிடுகிறாள்.
ஆறு வருசம் பைத்தியம் என்றார்கள்,
நானும்தான்.
அவள் துண்டில் மண்வெட்டி போட்டால்
புழு அறுந்துவிடுமோ என்று கை தயங்கும்.

ஐப்பசியில் கொட்டிய ஓர் இரவு
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மூன்று சோடாப் போத்தலோடு போனேன்.
ஒன்று தவமலரின் கானில்.
ஒன்று அல்போன்சின் கானில்.
மூன்றாவதை எங்கே முக்கினேன் என்று
யாருக்கும் சொல்லவில்லை.

ஞாயிறு, சங்கக் கூட்டம். மேசையில் வைத்தேன்.
செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
அல்போன்ஸ் தன்னுடையதை உடனே கண்டுகொண்டான்.
"கோழி எரு மூட்டை என்ன விலை தெரியுமா?
அதைக் கழுவிவிட எனக்கென்ன ஆசையா?"
யாரும் சிரிக்கவில்லை.
காசு கொடுத்து ஏற்றியது
காசில்லாமல் இறங்கிப் போகிறது,
போகிற வழியில் நம் பானைக்குள்ளும் எட்டிப் பார்க்கிறது.

மூன்றாவதுதான் மிக மோசம்.
குலுக்கினால் கஞ்சி.
"இது யார்ட?" என்றார் விபுலசேன,
தன்னுடையதாய் இருக்குமோ என்ற குரலில்.

என்னுடையது, என்றேன்.

இருபது பேர்ச். தாங்கிக்கு நேர் மேலே.
கரட் பாத்தியைச் சரிவோடு இழுத்திருக்கிறேன்.
குறுக்கே இழுத்தால் நாலு நாள் கூடப் போகும்,
தம்புள்ளைக்குப் போகும் லொறி
எனக்காக நிற்காது.
ஒரு களை விடாமல் வழித்து
மொட்டைத் தலையாய் வைத்திருந்தேன்,
பார்த்தவர்கள் சுத்தம் என்றார்கள்.
மற்றவர் சேற்றைக் கிள்ளி முகர்ந்த நாளெல்லாம்
என் சேறும் அதில்தான் இருந்தது.
அதன் நிறம் கண்ணுக்குப் பழகி,
தண்ணீரின் நிறமே அதுவென்று இருந்துவிட்டேன்.

போத்தல்களை ஜன்னலில் வைத்தேன்.
மூன்றாம் நாள் தெளிந்தன.
அடியில் மண், மேலே கண்ணாடி.
"இப்ப நல்ல தண்ணிதானே," என்றாள் மகள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள்
அந்தத் தெளிவுக்குள் பச்சை முளைத்தது.
நூல் நூலாய்ப் பாசி.
நான் போட்ட உரத்தைத் தின்று
நான் நடாத பயிர்.
அல்போன்சுடையதிலும் அப்படியே.
தவமலருடையதில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்,
அவளே போத்தலை வெளிச்சத்தில் பிடித்து
கண்ணை இடுக்கி,
"இதுலயும் கொஞ்சம் இருக்குது பாருங்க," என்றாள்.

கீழே அணைக்கட்டு
எத்தனை போத்தல் கொள்ளும்?

இந்தப் போகம் பாதிப் பாத்தியைக் குறுக்கே திருப்பினேன்.
பாதிதான்.
மீதியைக் கடன் இன்னும் சரிவோடு இழுக்கிறது.
திருப்பிய பாதியில் பறித்த களையை
அங்கேயே போர்த்திவிட்டேன்.
அல்போன்ஸ் வேலியோரம் நின்று பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை,
மானாப்புல் நாற்று எங்கே எடுத்தாய் என்பதைத் தவிர.

இன்று மத்தியானம் மழை பிடித்தது.
உரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு
இரண்டு கான்களும் சேரும் இடத்தில் குந்தியிருக்கிறேன்.
ஒரு பாதி வந்துவிட்டது, வழக்கம்போல்,
சத்தத்தோடு.

மற்றப் பாதியை இன்னும் காணோம்.
நனைந்தபடி காத்திருக்கிறேன்.
பிந்தட்டும்.